கசடற என்ற சொல்லைப் பற்றி

தாம்பரத்தில் நான் அடிக்கடி கடந்துபோகும் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் 391ஆம் குறளின் முதல் இரண்டு சொற்கள் மட்டும் நீல நிறத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. 'கற்க' என்பதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் பெயின்டர் ஒரு 'க்' சேர்த்திருக்கிறார். மூலத்தில் அந்த ஒற்று இல்லை. இருக்கவும் முடியாது. அங்கே 'கற்க' வியங்கோள். வியங்கோளுக்குப் பின் வல்லினம் மிகாது. மிகுந்தால் அது செயவென் எச்சமாகி, 'கற்பதற்காக' என்று அர்த்தம் திரும்பிவிடும். ஏவல் நோக்கமாகிவிடும். பிழையில்லாமல் என்று சொல்லவந்த சுவரிலேயே பிழை என்று சிரிப்பது சுலபம்; தமிழாசிரியர்கள் வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. ஒரு சொல்லின் அர்த்தத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழாத நிலை வந்த பிறகுதான் அது சுவருக்குப் போகிறது. அடுத்த சொல்லான 'கசடற' அப்படிப் போய்ச் சேர்ந்த ஒன்று. குறைவில்லாமல், குற்றமில்லாமல், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம்.

அவ்வளவுதான் இல்லை. இந்த வினையடைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் பாதி குறளிலும் உரையாசிரியர்களிடமும் இருக்கிறது. மறுபாதி தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷனான பல்லாவரத்தில் நடந்தது. (2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உண்டானபோது பல்லாவரமும் அதற்குள் வந்துவிட்டது. ஆகவே உள்ளூர் விஷயம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.) இந்த இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சந்தித்ததாகத் தெரியவில்லை.

முதலில் சொல். கசடு என்பது அடியில் தங்குவது. வெண்ணெய் காய்ச்சி நெய்யை வடித்தபின் பாத்திரத்தின் அடியில் நிற்பதைக் கசண்டு என்பார்கள். செக்கெண்ணெய் ஜாடியில் தங்குவதும் அதுவே. கன்னடத்தில் 'கஸ' என்றால் குப்பை. தெலுங்கில் 'கசவு' கூட்டித் தள்ளப்படுவது. ('கஸ' என்று எழுத ஒரு கிரந்த எழுத்து வேண்டியிருப்பதைத் தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.) ஆக, பிறப்பில் இது திராவிடக் குடும்பத்துச் சொல்தான். அந்த வகையில் வழக்கில்லை.

குற்றத்துக்குத் தமிழில் சொற்கள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான குற்றம். மாசு என்பது மேலேயிருந்து வந்து படிவது, துடைத்தால் போகும். வழு என்பது வழுக்குவதோடு சேர்ந்தது, கால் தவறுவது. பழுது கெட்டுப்போவது, இன்றைக்கும் மிக்சியைப் பழுதுபார்க்கிறோம். பிழை என்பது குறி தப்புவது. அதனால்தான் அம்பு பிழைத்தால் மான் பிழைக்கிறது. 'தப்பு' என்ற சொல்லிலும் இதே இரட்டை அர்த்தம் இருக்கிறது. கசடு இவை எல்லாவற்றிலிருந்தும் ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. அது வெளியிலிருந்து வருவதில்லை. நெய்யின் கசண்டு வெண்ணெய்க்குள்ளேயே இருந்தது. காய்ச்சும்வரை அது கசடு என்று சொல்லவும் முடியாது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

அடுத்து 'அற'. இதை நாம் 'இல்லாமல்' என்று வாசித்துவிடுகிறோம். 'இல்லாமல்', 'இன்றி' இரண்டும் ஒரு நிலையைச் சொல்பவை. 'அற' அப்படியல்ல. அது 'அறு' என்ற வினையின் செயவென் எச்சம். ஒரு சம்பவத்தைச் சொல்வது. கயிறு அறுவது போல, நீர் வற்றி அறுவது போல. 1886இல் குறளை ஆங்கிலமாக்கிய ஜி.யூ. போப் இந்த இடத்துக்கு 'ஃபால்ட்லெஸ்' என்றார். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் ஆங்கிலத்தின் அந்த 'லெஸ்' ஒரு வாலாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. தமிழின் 'அற'வில் ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது: கற்கக் கற்க, கசடு அறுகிறது.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. 'அறு' தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். தன்வினையின் எச்சம் 'அற'. பிறவினையின் எச்சம் 'அறுக்க'. கசடு அற என்றால் கசடுதான் எழுவாய், அதுவே அறுகிறது. யாரும் கத்தியோடு நிற்கவில்லை. கசடு அறுக்க என்றால் ஒருவர் வந்துவிடுகிறார், அவர் கையில் ஒரு ஆயுதமும் வந்துவிடுகிறது. குறள் முதலாவதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. யாப்புக்காக என்று சொல்லி இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மாசற, பழுதற, ஐயந்திரிபற என்று தமிழில் இந்த அச்சில் வார்த்த வினையடைகள் எல்லாமே 'அற'வில்தான் முடிகின்றன. 'அறவே' என்ற அழுத்தமும், அங்காடிக்குப் போய் விற்கவும் தெரியாமல் கொள்ளவும் தெரியாமல் நின்ற அறப்படித்தவனும் இதே 'அற'வின் பிள்ளைகள். அந்த அறப்படித்தவனிடம் மட்டும் எது அறுந்தது என்று தெரியவில்லை. அங்கே சொல் தேய்ந்து வெறும் 'முழுக்க' ஆகிவிட்டது.

குறளில் 'கசடற' மூன்று இடங்களில் வருகிறது. நமக்கு நினைவிருப்பது 391 மட்டும். அது கல்வி அதிகாரம். அடுத்தது 717, அவையறிதல். மூன்றாவது 845, புல்லறிவாண்மை. மூன்றும் பொருட்பாலில் இருக்கின்றன. அறத்துப்பாலில் மனத்தைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் எடுப்பது மாசு என்ற சொல்லை. 34ஆம் குறளைப் பார்க்கலாம். மனத்துக்கு மாசு, அறிவுக்குக் கசடு என்று அவர் பங்கிட்டுக்கொண்டதாக ஒரு சித்தாந்தம் கட்ட நான் தயாராக இல்லை. ஆனால் மூன்று இடத்திலும் கசடற என்பது தெரிந்துகொள்ளுதலோடு சேர்ந்தே வருகிறது என்பது கண்ணில் படத்தான் செய்கிறது.

391க்கு மணக்குடவர் 'குற்றமற' என்று சொல்லை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பரிமேலழகர் நிற்கிறார். கசடறக் கற்பது எப்படி என்று அவருக்கு விளக்கவேண்டியிருக்கிறது. ஒன்றை வேறொன்றாகக் கொள்வதையும், இதுவோ அதுவோ என்று ஊசலாடுவதையும் விலக்கவேண்டும் என்கிறார். கயிற்றைப் பாம்பென்று பார்ப்பது ஒன்று. தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தயங்குவது மற்றொன்று. தர்க்க சாஸ்திரத்தின் பழைய ஜோடி இது. பள்ளிக்கூடத்து 'ஐயந்திரிபற' என்பதும் இதே ஜோடியைத் தமிழில் சொல்வதுதான். ஒரு சுத்தமான தமிழ் வினையடைக்கு அர்த்தம் சொல்ல வடமொழித் தர்க்கத்துக்குப் போகிறார் மனுஷன். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. இதற்கு அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். மெய்ப்பொருளை நல்லவர்கள் பலரோடு பல தடவை பழகிப் பார்க்கவேண்டும் என்கிறார்.

இந்த 'பலரோடு' எங்கிருந்து வந்தது? குறளில் இல்லை. உரைகாரரின் சொந்தச் சரக்கு. கசடு அறுவது தனியறையில் நடக்கிற காரியமாக அவருக்குப் படவில்லை. நான் பாம்பு என்றால் எதிரே இருப்பவர் கயிறு என்கிறார்; மறுநாள் இன்னொருவர் வருகிறார்; பேச்சு நீள்கிறது; கசடு அடியில் தங்குகிறது. இக்காலத்து உரைகளில் கற்பவனுடைய மனக்குற்றம் நீங்கும்படி என்று விரிப்பதும் உண்டு. கசடு நூலில் இருக்கிறதா, படிப்பதில் இருக்கிறதா, படிக்கிறவனிடம் இருக்கிறதா என்பதில் உரைகள் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததே நல்லதென்று தோன்றுகிறது. பரிமேலழகர் அதை நூலில் வைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

717 நம்மைப் போன்றவர்களுக்கு எழுதியது. சொற்களைக் கசடறத் தெரிந்துகொள்ள வல்லவர்கள் இருக்கும் இடத்தில்தான் கற்றவனின் கல்வி துலங்கும் என்பது அதன் கருத்து. இங்கே வினையடை பேசுகிறவனை விட்டுவிட்டுக் கேட்கிறவனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. குற்றமற்றுப் பேசு என்று சொல்லவில்லை. குற்றமறக் கேட்கிறவர்கள் வேண்டும் என்கிறது. சில நூறு பிரதிகள் அச்சிட்டுத் தபாலில் அனுப்பும் பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல நியாயம் நான் கண்டதில்லை. அப்படியும் எந்தப் பள்ளிக்கூடமும் இதைச் சுவரில் எழுதுவதில்லை.

845 கடுமையானது. படிக்காததைப் படித்தவன் மாதிரி காட்டிக்கொண்டால், ஒருவன் கசடறத் தெரிந்து வைத்திருக்கும் விஷயத்திலும் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். தன்னிடமிருந்து ஐயத்தை அறுத்தவன், பாசாங்கினால் அதை ஊருக்குள் விதைத்துவிடுகிறான். நமது விமர்சனத்தில் இதற்கு உதாரணங்கள் தேடிப் போகவேண்டியதில்லை. பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இனி பல்லாவரம். 1911இல், 35 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் சென்னை கிறித்தவக் கல்லூரி வேலையை விட்டு இந்த ஊரில் வந்து குடியேறினார். அப்போது அவர் பெயர் சுவாமி வேதாசலம். கல்லூரி அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. அது தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது 1937இல். அவர் விட்டு வந்த கல்லூரி 26 வருஷம் கழித்து அவர் இருந்த பக்கமே வந்து சேர்ந்தது. மின்சார ரயில்கூட 1931இல்தான் வந்தது. பட்டணத்துக்கு வெளியே, கல் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு வீடு. அந்தக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த ஒரு குகைக் கோயில் உண்டு; இப்போது தர்கா. அதன் கல்லில் அந்தப் பல்லவன் தன் பட்டப்பெயர்களை வெட்டிவைத்திருக்கிறான், வடமொழியும் தெலுங்கும் கலந்து. பல்லாவரம் என்ற பெயரே பல்லவபுரத்தின் சிதைவு. தமிழைத் தனித்து நிறுத்தும் இயக்கத்துக்கு இதைவிடக் கலப்படமான இடம் கிடைத்திருக்காது.

வேதாசலம் 1898இல் கல்லூரியில் சேர்ந்தபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். வேலைக்கு எடுக்கும் முன் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், தன் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று பெயர்த்துக்கொண்டவர், குற்றியலுகரத்துக்கு உதாரணம் கேட்டார். அஃது எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. கேட்டவர் மகிழ்ந்துபோனார். ஏனென்றால் பதிலின் மூன்று சொற்களும் மூன்று வகைக் குற்றியலுகரங்கள். உண்மையில் நடந்ததோ இல்லையோ, கதை 717க்குப் பொருத்தமான உரை. பதிலின் திறமையை விட, தெரியாது என்ற சொல்லுக்குள் விடையைக் கேட்டுக்கொண்ட காது பெரிது.

1916இல் பல்லாவரத்து வீட்டில் நடந்ததும் சொல்லிச்சொல்லிக் கதையாகிவிட்டது. தகப்பனாரும் மகள் நீலாம்பிகையும் வள்ளலாரின் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் 'தேகம்' வருகிறது. அந்த இடத்தில் 'யாக்கை' என்று இருந்தால் ஓசை இன்னும் நன்றாயிருக்குமே என்கிறார் அவர். 13 வயதுப் பெண் கேட்டுக்கொள்கிறாள். அன்றிலிருந்து வேதாசலம் மறைமலை. ஞானசாகரம் என்ற பத்திரிகை அறிவுக்கடல். சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம். அந்தப் பெண் பின்னால் வடசொற்களுக்குத் தமிழ் தரும் ஓர் அகரவரிசையே தொகுத்தார்.

இந்தப் பெயர்மாற்றங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். வேதம் மறை, அசலம் மலை. ஞானம் அறிவு, சாகரம் கடல். ஒவ்வொரு செங்கல்லும் மாற்றப்பட்டிருக்கிறது, வீடு அதே வீடு. மலை என்ற சொல்லோடு வேதத்தைச் சேர்த்து ஒரு மனிதனுக்குப் பெயராக வைப்பது தமிழ்ப் பழக்கமே அல்ல. சொல்லைக் களைந்துவிட்டு அதன் கட்டுமானத்தை வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று, ஞானமும் அறிவும் ஒன்றா? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று வரிசைப்படுத்தும் ஒரு சைவருக்கு, அதுவும் 1905இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் கூட்டியவருக்கு, இது தெரியாமலா இருக்கும்? தெரியும். அதனால்தான் தன் சமயத்தின் பெயரில் அவர் கை வைக்கவில்லை. பழந்தமிழ்க் கொள்கையே சைவ சமயம் என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டார். 'சமயம்' அப்படியே நின்றது.

மறைமலையடிகளை இந்த முரண்பாடுகளைக் காட்டி மடக்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அவரை வாசித்ததில்லை. அவர் காளிதாசனின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தாமே மொழிபெயர்த்தவர். ஆங்கிலத்தில் ஆழ்ந்து படித்தவர். நாட்குறிப்பைக்கூடப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். பல்லாவரத்து வீட்டில் சேர்ந்த புத்தகங்கள் ஆயிரக்கணக்கில். அவர் 1950இல் இறந்தபின் 1958இல் அவை சென்னையில் அவர் பெயரிலான நூலகமாயின. எதைக் களைகிறோம் என்று தெரிந்து களைந்தவர் அவர். முக்கியமாக, மற்றவர்களுடைய தமிழைத் திருத்துவதற்கு முன் தன்னுடையதைத் திருத்தினார். 1916க்கு முன்பு தாம் எழுதியவற்றை மறுபதிப்புகளில் மீண்டும் எழுதினார். 1911இல் வந்த புத்தகத்தின் பெயர் மரணத்தின்பின் மனிதர் நிலை. 1933இல் வந்தது மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை. இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் 22 வருஷத்து உழைப்பு இருக்கிறது. பல்லாவரத்தில் தனக்கென அச்சுக்கூடம் வைத்துக்கொண்டு, 'தேகம்' வருகிற ஒவ்வொரு வரியிலும் நின்று, சொல் மாறும்போது ஓசை என்னாகிறது, வாக்கியம் எங்கே இடிக்கிறது என்று பார்க்கிற ஒரு மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். இது கசடற எழுதுவதுதான். இங்கே வினையடை வினையோடு இருக்கிறது.

வம்பு அடுத்து வந்தது. இயக்கம் வளர வளர, வினையடை பெயரடையாயிற்று. 'கசடற' என்பது 'கசடற்ற' ஆயிற்று. ஒரு எழுத்துதான் கூடுதல். முன்பு அது ஒரு வேலையின் தன்மை. இப்போது ஒரு பொருளின் தன்மை. கசடற்ற தமிழ், தூய தமிழ், தனித்தமிழ். பரிமேலழகரின் 'பலரோடு' போய்த் 'தனி' வந்துவிட்டது. கசடு என்பது உள்ளேயிருந்து பிரிந்து அடியில் தங்குவது என்று சொன்னேன். அதை இவர்கள் மாசு என்று எடுத்துக்கொண்டார்கள்: வெளியிலிருந்து வந்து படிந்தது, அயலார் கொண்டுவந்து போட்டது. அப்படி வைத்துக்கொண்டால் அது தானாக அறுவதற்குக் காத்திருக்கவேண்டியதில்லை. அறுக்கலாம். அகரவரிசை ஒன்று கையிலிருந்தால் போதும், வடமொழி படித்திருக்கவேண்டியதில்லை.

பெயரடைக்கு இன்னொரு சுபாவம் உண்டு. சொல்லில் தொடங்கி ஆளுக்குப் போய்விடும். மறைமலையடிகளே 1923இல் வேளாளர் நாகரிகம் எழுதினார். அங்கே மொழியின் தூய்மையும் உணவின் தூய்மையும் ஒரு குலத்தின் மேன்மையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பார்ப்பனரை மறுக்க எழுதிய புத்தகம், தனக்குக் கீழே இருப்பவர்களை எங்கே நிறுத்துகிறது என்று கேட்டால் பதில் சங்கடமானது. இந்த இயக்கத்துக்கு முன்னோடியாகத் தன் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட பரிதிமாற் கலைஞர் ஒரு பிராமணர் என்பது இந்தச் சங்கடத்தைக் குறைப்பதில்லை. 'கசடர்' என்று மனிதர்களைத் திட்டும் வழக்கு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. மொழியிலும் அந்தச் சொல்லுக்குப் புது வேலை கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் சொல்வதால் நான் மணிப்பிரவாளத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கிராசனர் தலைவரானதிலும், காரியதரிசி செயலாளரானதிலும், அபேட்சகர் வேட்பாளரானதிலும் எனக்குத் துக்கமில்லை. சர்வகலாசாலையில் யார் திரும்பிப்போய்ச் சேரப்போகிறார்கள்? சொற்பொழிவு என்ற சொல் பிரசங்கத்தைவிட அழகு. இந்தச் சொற்கள் பல்லாவரத்தில் மட்டும் பிறந்தவையல்ல. ஆனால் பல்லாவரம் இல்லாமல் இவை இத்தனை சீக்கிரம் தெருவுக்கு வந்திருக்காது. நாம் இன்று எழுதும் உரைநடையில் பாதி இந்தக் கடனில் ஓடுகிறது. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் அதை ஒப்புக்கொள்வதில் எப்போதும் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறோம்.

நம் பக்கத்துக் கதையும் சுவாரசியமானதுதான். எழுத்து, நடை என்று தமிழ்ப் பெயர்கள். 1970இல் கசடதபற: ஆறு வல்லெழுத்துகளையும் வரிசையாக அடுக்கி ஒரு பத்திரிகைக்குப் பெயராக்கினார்கள். எனக்கு அதன் முதல் மூன்று எழுத்தில் கசடு கேட்காமல் இருந்ததில்லை; கடைசியில் ஒரு அறாத 'ற'வும் நிற்கிறது. 1974இல் பிரக்ஞை. பிறகு 1978இல் ழ: வேற்று மொழிக்காரர்கள் வாயில் நுழையாத எழுத்து என்று தமிழன் பெருமைப்பட்டுக்கொள்வது. தமிழும் வடமொழியும் ஒரே கூடத்தில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருந்தன. பிரக்ஞை என்ற சொல்லுக்கு நேரான தமிழ் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் அதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு மிடுக்கு இருந்தது. எதிர்த்தரப்பின் தூய்மைக்கு எதிராக நாமும் ஒரு விதமான தூய்மையை வைத்துக்கொண்டோம் என்பது பின்னால்தான் தெரிகிறது. நம்முடைய அகரவரிசையில் விலக்கப்பட்டவை வேறு: உணர்ச்சிவசமான சொற்கள், மேடைச் சொற்கள், அடுக்குமொழி.

இங்கே மல்லார்மேயை இழுக்காமல் இருக்க முடியவில்லை. 1870களில் எட்கர் ஆலன் போவின் கல்லறைக்காக எழுதிய கவிதையில், தன் கூட்டத்தார் பேசும் சொற்களுக்கு இன்னும் தூய்மையான ஓர் அர்த்தத்தைத் தருவதைக் கவிஞனின் வேலையாக அவர் காண்கிறார். 1942இல் லிட்டில் கிட்டிங்கில் எலியட் இதை எடுத்துக்கொண்டார். நாம் எலியட்டிடமிருந்து அதை எடுத்துக்கொண்டோம். மல்லார்மே தூய்மையைத் தேடியது அர்த்தத்தில். சொல் எங்கே பிறந்தது என்று அவர் விசாரிக்கவில்லை. கூட்டத்தாரின் சொல்லையே எடுத்து, அதே சொல்லை, புதிதாகக் கேட்கும்படி செய்வது. எலியட்டோ தூய்மைப்படுத்துவது கூட்டத்தின் பேச்சையே என்கிறார். நூலிழை வித்தியாசம். ஆனால் எலியட்டின் வரி பல்லாவரத்துக்கு ஒரு ஸ்டேஷன் நெருக்கமாக இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. மல்லார்மேயின் வரிதான் 717க்குப் பக்கத்தில்.

மறைமலையடிகள் பெயரில் இப்போது தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு ஊரே இருக்கிறது, ரயில் நிலையத்தோடு. மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனின் பெயர் மூன்று மொழிகளில் அறிவிக்கப்படுகிறது.

கசடற என்ற வினையடை பேச்சில் இல்லை. யாரும் வீட்டில் கசடறச் சமைப்பதில்லை. சுத்தமாக, நீட்டாக, பர்ஃபெக்டாகச் சமைக்கிறார்கள். தப்பில்லாமல் என்கிறார்கள், பிசகாமல் என்கிறார்கள். வினையடை போய்விட்டது. 'கசடு' என்ற பெயர்ச்சொல் மட்டும் எதிர்பாராத ஒரு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதில் தங்குவதற்கு அரசாங்கத் தமிழில் மலக்கசடு என்று பெயர். 2014இல் தமிழக அரசு இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2017இல் செங்கல்பட்டைத் தாண்டிக் கருங்குழியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வந்தது. கசடைப் படுகைகளில் பரப்பி உலரவிட்டு, நீரைத் தனியாகப் பிரிக்கிற ஏற்பாடு. சொல்லைப் பொறுத்தவரை இது அபூர்வமான துல்லியம். வெளியிலிருந்து வந்த மாசு இல்லை. நம்மிடமிருந்தே பிரிந்து அடியில் தங்கியது. கசடுக்கு இதைவிடச் சரியான பிரயோகம் உரைகளிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் 'அற' என்ற தன்வினை உடைகிறது. செப்டிக் டேங்கின் கசடு தானாக அறுவதில்லை. நெறிமுறைகளிலும் அகற்றுதல், நீக்கம் என்றே வருகிறது. பிறவினை; செய்கிறவர் ஒருவர் இருந்தாகவேண்டும், வாக்கியத்தில் அவர் பெயர் வருவதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பின்பும் சென்னைப் புறநகரின் தொட்டிகளுக்குள் இறங்கி, விஷவாயுவில் மூச்சடைத்து மாண்டவர்கள் உண்டு. அவர்கள் எந்தச் சாதிகளில் பிறந்தவர்கள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

சேலையூர்ப் பக்கம் இந்த லாரிகள் காலை வேளையில் வரும். சிலவற்றின் வயிற்றில் 'கழிவுநீர் ஊர்தி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். நல்ல தமிழ், ஊர்தி என்ற பழைய சொல்லைத் தனித்தமிழ்க்காரர்கள் தேடி எடுத்துக் கொடுத்தது வீண்போகவில்லை. அதன் கீழே ஒரு போன் நம்பர். பின்பக்கம், கனத்த குழாயைத் தோளில் சுமந்து வந்து தொட்டியின் வாயில் இறக்குகிறவரிடம் அன்றொரு நாள், அடியில் தங்குவதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். "மண்டி சார்" என்றார். மறுபடி குழாயை அசைத்துப் பார்த்துவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.